பதினாலாவது கட்டம்

விழுப்புரம்
12.11.2001

அம்மையீர்,

பிரம்மதேசம் வடக்குக் குட்டையைத் தங்கள் அலைமகள் மகளிர் குழு குத்தகைக்கு எடுத்து, கடந்த செப்டம்பரில் இரண்டாயிரம் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டிருப்பது எங்கள் மீன்வள அலுவலகக் கோப்பில் உள்ளது. வளர்ப்பு மீன்களின் உடல்நலத்தையும் வாழ்நிலையையும் அளக்கும் எங்கள் சோதனைத் திட்டத்துக்குத் தங்கள் குட்டை தேர்வாகியுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இத்துடன் நானே தயாரித்த படிவம் உள்ளது. செவ்வாய்தோறும் முப்பது மீன்களைப் பிடித்து, ஒவ்வொரு மீனுக்கும் பதினாலு கட்டங்களை நிரப்ப வேண்டும். கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண் வீதம் மொத்தம் எழுபது. நீளம், எடை, துடுப்பு, செதில், செவுள், மூச்சு எல்லாம் வரிசையாக உள்ளன. பதினாலாவது கட்டம் ‘நிம்மதி’. எதையும் காலியாக விட வேண்டாம்.

பிப்ரவரி மாதக் கடைசிப் படிவத்தில் சராசரி நாற்பத்திரண்டுக்குக் கீழே போனால், விதிப்படி குத்தகை ரத்தாகி, குட்டை அடுத்த மனுதாரருக்குப் போகும். அடுத்த மனுதாரர் தங்கள் ஊர் திரு. தெய்வசிகாமணி.

இப்படிக்கு,
இரா. மணிமாறன்
ஆய்வு உதவியாளர்

பி.கு.: படிவத்தை மடித்து அனுப்ப வேண்டாம்.


பிரம்மதேசம்
21.11.2001

மணிமாறன் சார் அவர்களுக்குக் கிளியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் குழுவில் இருக்கும் பதினொரு பேரும் சுகம். மீன் சுகமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். படிவத்தை எட்டாக மடித்திருக்கிறேன். அவ்வளவு பெரிய கவர் எங்கள் ஊர் கடையில் இல்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகி இந்த மேட்டுக்கு வரும்வரை மீன்கூடை தூக்கியவள். மீன் நல்லா இருக்கா இல்லையா என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இதுவரை நான் பார்த்ததெல்லாம் செத்த மீன். உயிரோடு இருக்கும் மீனுக்கு மார்க் போடுவது இதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரர் தேவநாதன் வலை வீசினார். கரையில் சாக்கு விரித்து, முப்பதையும் வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றாக எழுதினோம். ஒரு மீனுக்குப் பதினாலு கட்டம் என்றால் கடைசி மீன் வருவதற்குள் கை வலிக்கிறது. பதினோராவது கட்டத்தில் ‘மூச்சு வாங்குகிறதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். சாக்கில் போட்டால் வாங்காமல் என்ன செய்யும்? எல்லாவற்றுக்கும் ‘வாங்குகிறது’ என்று போட்டிருக்கிறேன். அது நல்லதா கெட்டதா என்று நீங்களே மார்க் போட்டுக்கொள்ளுங்கள்.

செவுள் விஷயத்தில் மட்டும் என்னை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். சந்தையில் காட்டுகிற மாதிரியே கட்டைவிரலை உள்ளே விட்டு நன்றாகத் தூக்கிப் பார்த்தேன். முப்பதும் செம்பருத்திச் சிவப்பு. முப்பதுக்கும் ஐந்து.

தண்ணீரின் தெளிவைப் பார்க்க முழங்கை வரை கையை விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குழுவில் பரிமளா விட்டால் தெரிகிறது, சின்னபொண்ணு விட்டால் தெரியவில்லை. பரிமளா குள்ளம். யாருடைய முழங்கை என்று எழுதவும்.

பதினாலாவது கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிளியம்மாள்


விழுப்புரம்
30.11.2001

அம்மையீர்,

முதல் படிவத்தின் சராசரி அறுபத்தொன்று. எங்கள் இருபத்தேழு குளங்களில் தங்கள் குட்டையே முதலிடம். பாராட்டுகள். செவுள் பரிசோதனையில் தாங்கள் காட்டிய அக்கறையை மேலதிகாரி அம்மா அவர்களிடம் குறிப்பாகச் சொன்னேன்.

முழங்கைப் பிரச்சினை நான் எதிர்பாராதது. இனி சராசரி உயரமுள்ள ஒருவரின் முழங்கையை மட்டும் பயன்படுத்தவும்.

பதினாலாவது கட்டம் காலியாக இருந்ததால் ஐந்து மதிப்பெண் வீணாயிற்று. மீனின் நடமாட்டத்தைப் பார்த்து ஊகித்து நிரப்பலாம்.

நேரில் வர ஆசைதான். இருபத்தேழு குளங்களுக்கு ஒரே ஜீப், அதுவும் பட்டறையில் கிடக்கிறது.

இரா. மணிமாறன்


பிரம்மதேசம்
20.12.2001

மணிமாறன் சாருக்கு,

முதலிடம் என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கடிதத்தை ரேஷன் கடையில்கூட வாசித்துக் காட்டினேன். யார் கண் பட்டதோ, இந்த வாரம் ஐம்பத்திரண்டுக்கு வந்துவிட்டது.

துடுப்பு கிழிந்திருக்கிறது. செதில் அங்கங்கே உதிர்ந்திருக்கிறது. நாலு மீனின் முதுகில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக இருக்கிறது. செவுளோ, செம்பருத்தி போய் ரோஜா ஆகிவிட்டது. ஒருவேளை சரியாகப் பார்க்கவில்லையோ என்று இரண்டு தடவை தூக்கிப் பார்த்துவிட்டேன். ரோஜாதான்.

இன்னொரு கூத்து. செவ்வாய்க்கிழமை நான் கட்டுவது ஒரு சிவப்புப் புடவை. முன்பெல்லாம் தவிடும் மல்லாட்டைப் புண்ணாக்கும் எடுத்துக்கொண்டு போனால் காலடிக்கு வந்து முட்டும். இப்போது சிவப்பு தெரிந்ததும் ஒன்றுகூட மேலே இல்லை. பரிமளாவின் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள்தான் ஏமாந்தன. மறுநாள் பச்சைக்கும் அதே கதை. பரிமளா தன் புடவைக்குக் கெட்ட பேர் வந்துவிட்டதென்று என்னோடு பேசுவதில்லை.

நடமாட்டத்தைப் பார்த்து நிம்மதிக்கு மார்க் போடச் சொன்னீர்கள். நடமாட்டத்தையே பார்க்க முடியவில்லை, சார். கட்டம் இந்தத் தடவையும் காலி.

என்ன செய்வது என்று உடனே எழுதவும். சின்னபொண்ணு இந்த மீனை நம்பித்தான் மகளை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பியிருக்கிறாள். குட்டை கைவிட்டுப் போனால் நான் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

கிளியம்மாள்


விழுப்புரம்
26.12.2001
(அஞ்சலட்டை)

அம்மையீர், மதிப்பெண் சரிவு கவலை தருகிறது. நோய் முற்றுவதற்குள் கண்டுபிடிக்கக் கண்காணிப்பைத் தீவிரப்படுத்த வேண்டும். இனி வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், அறுபது மீன்கள் வீதம் அளக்கவும். செவுளை மிகக் கவனமாகப் பார்க்கவும். கூடுதல் படிவங்கள் தனியே வருகின்றன. இரா. ம.


பிரம்மதேசம்
17.1.2002

மணிமாறன் சாருக்கு,

பொங்கல் முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. மாட்டுப் பொங்கல் அன்றைக்கும் உங்கள் மீனைத்தான் அளந்துகொண்டிருந்தோம். மார்க் நாற்பத்துநான்கு. இன்னும் மூன்று மார்க் இறங்கினால் எல்லாம் போச்சு. பதினேழு மீன் செத்து மிதந்தது.

தெய்வசிகாமணி கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். “இன்னிக்கு எத்தினிம்மா?” என்று கேட்கிறார். குட்டை கைக்கு வந்ததும் தாமரை போடப் போகிறாராம். “தாமரைக்கு மார்க் போட எவனும் வரமாட்டான் பாரு” என்கிறார்.

வாரத்துக்கு நூற்றிருபது மீன். வலை வீசி வீசி என் வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. நூற்றிருபது செவுளையும் நானே என் கையால் தூக்கிப் பார்க்கிறேன், வேறு யாரையும் நம்புவதில்லை. இவ்வளவு பார்த்தும் ஏன் வெளுக்கிறது?

மீன் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டவர் ஒரு தடவை இந்தக் குட்டைக்கரையில் நின்று மூச்சு விட்டுப் பாருங்கள். ஜீப் இல்லை என்று சொல்லாதீர்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு எத்தனையோ பஸ் ஓடுகிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

கிளியம்மாள்


விழுப்புரம்
19.1.2002
(அஞ்சலட்டை)

செவ்வாய் 22ஆம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். நான் வரும்வரை அளக்கத் தொடங்க வேண்டாம். வெற்றுக் கையோடு மீனைத் தொடும் வேலை எதையும் எனக்கு ஒதுக்க வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன். இரா. ம.


பிரம்மதேசம்
23.1.2002

திரு. மணிமாறன் அவர்களுக்கு,

நேற்று நடந்ததற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதுவீர்கள் என்று இன்றைய தபாலைப் பார்த்தேன். வரவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தால்தான் நாளைக்கு யாரும் மாற்றிப் பேச முடியாது.

நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூக்கில் கைக்குட்டை. சரி, ஜலதோஷம் என்று நினைத்தோம். நான் வழக்கம்போல் முதல் மீனைச் சாக்கில் போட்டு, கட்டைவிரலை விட்டுச் செவுளைத் தூக்கினேன். அவ்வளவுதான். “கைய எடுங்க! ஐயோ, கைய எடுங்க!” என்று நீங்கள் போட்ட சத்தத்தில் தெய்வசிகாமணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“இத்தினி நாளு இப்பிடித்தான் பார்த்தீங்களா?”

“பின்ன எப்பிடி பார்க்கறது? எழுதியிருந்தேனே, நீங்ககூட ஆபீசரம்மா கிட்ட சொன்னேன்னு எழுதினீங்களே!”

உடனே மீனை என் கையிலிருந்து பிடுங்கினீர்கள். பிடுங்கத் தெரிந்தவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. மீன் துள்ளியது, நீங்களும் துள்ளினீர்கள். இரண்டு பேரும் குட்டைக்குள். மீன் ஜல்தியாகப் போய்விட்டது. உங்களைத் தூக்கத்தான் நாலு பேர் வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் நான் சிரிக்கவில்லை. பரிமளா சிரித்தாள், இல்லை என்று சொல்லமாட்டேன்.

என் மனசு நொந்தது அதற்குப் பிறகு. ஈரச் சட்டையோடு, ஊரே நிற்க, “இந்தம்மாதான் மீனுங்கள கொன்னுட்டாங்க” என்று கையை நீட்டிச் சொன்னீர்கள். நானும் விடவில்லை. “நீ அனுப்புன பேப்பருதான்யா கொன்னுது. தொட்டா பேஜாருன்னு தெரிஞ்சும் வாரத்துக்கு ரெண்டு தபா தொடச் சொன்னது யாரு?” என்றேன். எல்லார் முன்னாலும் உங்களை ஒருமையில் பேசியது தப்பு. அது ஒன்றுக்குத்தான் வருத்தம்.

என் வீட்டுக்காரரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு போனீர்களே, அதைத் திருப்பி அனுப்பவும். உங்கள் பேண்ட் இங்கே காய்கிறது.

கிளியம்மாள்


விழுப்புரம்
29.1.2002

அம்மையீர்,

வேட்டி பதிவுத் தபாலில் வருகிறது.

குட்டையில் நடந்தது எப்படியோ மேலதிகாரி அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. மீன்கள் இறந்ததற்குப் பொறுப்பு யார் என்று தாங்களும் நானும் தனித்தனியே விளக்கம் எழுதி, பிப்ரவரி ஐந்துக்குள் அவருக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது உத்தரவு. தவறு தங்கள் பக்கம் என்றால் குத்தகை உடனே ரத்து. என் பக்கம் என்றால் என் தற்காலிகப் பணி ரத்து.

அளப்பதை உடனே நிறுத்திவிடவும்.

இரா. மணிமாறன்


விழுப்புரம்
14.2.2002

கிளியம்மாள் அக்காவுக்கு,

அக்கா என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும், அப்படியே இருக்கட்டும்.

இன்று மேலதிகாரி அம்மா என்னைக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு கடிதங்கள். முதலில் என்னுடையதை வாசித்தார். “படிவம் தயாரித்தவன் நான். மீனைத் தண்ணீருக்கு வெளியே வைக்கக் கூடாது, செவுளைத் தொடக் கூடாது என்று அதில் ஒரு வரிகூட எழுதாதவன் நான். அவர்கள் முதல் கடிதத்திலேயே கட்டைவிரலைப் பற்றி எழுதியிருந்தும், மார்க்கை மட்டும் பார்த்துப் பாராட்டியவன் நான். அளப்பதாலேயே மீன் நோகிறது என்று புரியாமல் இன்னும் அளக்கச் சொன்னவனும் நான். கல்லூரிப் பரீட்சையில்கூட மீனைப் பக்கத்துப் பையன்தான் பிடித்தான். எனக்கு அந்த வாடை பட்டால் தலை சுற்றும். அதனால்தான் ஜீப் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜீப் நன்றாகத்தான் ஓடுகிறது.”

அடுத்து உங்களுடையது. “தப்பு முழுக்க என் கட்டைவிரல். செத்த மீனுக்குச் செய்கிறதை உயிருள்ள மீனுக்குச் செய்தேன். நோகுமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அந்தப் பையன் மேல் தப்பில்லை. நீச்சல் தெரியாமலே மீனுக்காகக் குட்டையில் குதித்தான். குட்டையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், பையனை வேலையை விட்டு எடுக்காதீர்கள்.”

அக்கா, நான் குதிக்கவில்லை, விழுந்தேன். அதை அங்கே திருத்த எனக்கு வாய் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஒரு தப்பு நடந்தா நான் இல்ல, அவன்தான்னு எழுதுவாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல, ஒரே தப்புக்கு ரெண்டு பேரு நான்தான் நான்தான்னு ஓடி வர்றத இப்பதான்யா பார்க்கறேன். இத எந்த ஃபைல்ல போடறது?”

எந்தக் கோப்பிலும் போட இடமில்லாததால் ஒன்று முடிவாயிற்று. இதுவரை வந்த படிவங்கள் செல்லாது. பிப்ரவரி கணக்கும் இல்லை. மார்ச் ஆறாம் தேதி அம்மாவே வந்து பார்ப்பார். அதுவரை வலை கூடாது, சாக்கு கூடாது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தீனி போட்டு, எத்தனை நிமிஷத்தில் தீர்கிறது, எத்தனை மீன் மிதக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். கரையில் நின்று கண்ணால் பார்த்தால் போதும். நாற்பத்திரண்டு என்ற எல்லை மட்டும் மாறவில்லை. அது என் கையில் இல்லை, அக்கா. எனக்கும் பயமாக இருக்கிறது.

மணிமாறன்


பிரம்மதேசம்
8.3.2002

தம்பி மணிமாறனுக்கு,

நேற்று முன்தினம் உங்களால் வர முடியவில்லை. அம்மாவோடு ஜீப்பில் இடம் இருந்தும் திண்டிவனத்திலேயே தலை சுற்றி இறங்கிவிட்டீர்களாம். அம்மா சொல்லிச் சிரித்தார். நடந்ததை நானே எழுதுகிறேன்.

வலையை நிறுத்தி முதல் பத்து நாள் போட்ட தீனி அப்படியே மிதந்தது. நான் கரையில் நின்றால் வருவதில்லை என்று மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தவிட்டை வீசினேன். ஊரில் என்னைப் பார்த்தவர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் பதினைந்து நிமிஷத்தில் தீர்ந்தது. அப்புறம் எட்டு. செத்தது அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

அம்மா ஆறு மீனைத்தான் பார்த்தார். தண்ணீர் நிறைந்த பாத்திரத்திலேயே வைத்து, ஈரத் துணியால் ஏந்தி, ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டார். செவுளைத் தொடவே இல்லை. மீன் வாயைத் திறந்து மூடும்போது அதுவாகத் தெரிகிறது. இது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. உயிரோடு இருந்தால் அதுவே காட்டும்போல. தண்ணீருக்குப் பரிமளாவின் முழங்கையையே அளவாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவள் இப்போது என்னோடு பேசுகிறாள், ஆனால் கையை மட்டும் ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள்.

பதிமூன்று கட்டத்துக்கு ஐம்பத்துமூன்று மார்க். குட்டை எங்களுக்குத்தான், தம்பி! சின்னபொண்ணு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். தெய்வசிகாமணி நாற்காலியை மடித்துக்கொண்டு போனார். போகும்போது, “கட்லா எப்ப விப்பீங்க? எனக்கு ரெண்டு கிலோ எடுத்து வைம்மா” என்றார்.

பதினாலாவது கட்டத்தை அம்மா நிரப்பவில்லை. “இத நீங்க போட்டு அனுப்புங்க” என்று தாளை என்னிடமே கொடுத்துவிட்டார். எனக்கு அப்போதும் கை ஓடவில்லை. இத்தனை பேர் கூட்டத்தில் எந்த மீன் நிம்மதியாக இருக்கும்?

இன்று காலை தனியாகப் போனேன். வேண்டுமென்றே அந்தச் சிவப்புப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மரத்துக்குப் பின்னால் ஒளியவில்லை. கையில் தவிடுகூட இல்லை. படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டேன். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்கவில்லை. ஒரு கட்லா வந்தது. வால் துடுப்பில் பழைய கிழிசல் இருந்தது, நான் அளந்த மீன்தான். என் கால்விரலைச் சுற்றி வந்து, ஒரு தடவை முட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றது. ஓடவில்லை.

ஐந்து போட்டிருக்கிறேன். படிவத்தை இந்தத் தடவை மடிக்கவில்லை. திண்டிவனத்துக்குப் போய்ப் பெரிய கவராக வாங்கி வந்தேன்.

உங்கள் பேண்ட் இன்னும் கொடியில்தான் இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்பமாட்டேன். நீங்களே வர வேண்டும். மீன் வாடை ஆகாதவருக்குக் கத்திரிக்காய்க் குழம்பு வைக்கிறேன். படியில் உங்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், விழமாட்டீர்கள். காலை மட்டும் தண்ணீரில் விடுங்கள். அது வந்து முட்டும். ஓடாமல் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் ஐந்து.

அக்கா
கிளியம்மாள்